பட்டியல் பெருமையும் பல்கலைக்கழகத் தமிழும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்த மறுநாள், தமிழ்நாட்டு நாளிதழ்களில் செய்தியைத் தேடித்தான் படித்தல் வேண்டும். முதற்பக்கமும் கடைப்பக்கமும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் முழுப்பக்க விளம்பரங்களால் நிரம்பிக் கிடக்கும். கண்ணாடி மாளிகைகள், கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர்கள், நடுவணரசின் தரவரிசைப் பட்டியலில் பெற்ற இடத்தைக் காட்டும் கொழுத்த எண், படிப்பு முடியுமுன்பே இத்தனை இலக்கம் உருபா சம்பளத்தில் வேலை என்னும் உறுதிமொழி! அரசுப் பல்கலைக்கழகங்கள் அப்பக்கங்களில் தலைகாட்டுவது அரிது. ஊர்ப்புறத்து உழவரும் தறி நெய்வாரும் தம் மக்களுக்கு அரசுப் பல்கலைக்கழகம் மேலா, தனியார் பல்கலைக்கழகம் மேலா என்று அறிந்தவரையெல்லாம் உசாவித் திரிகின்றனர். அவ்வுசாவலும் 'கவர்மெண்டா, பிரைவேட்டா' என்று ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது என்பது வேறு செய்தி.

பெற்றோரைக் குறைகூறிப் பயனில்லை. விளைநிலத்தை அடகு வைத்துப் பணங்கட்ட முனைகின்றவன், பொருளுக்கேற்ற மதிப்புக் கிடைக்குமா என்று பார்ப்பது இயல்பே. ஆனால், பல்கலைக்கழகத்தின் மதிப்பு என்பது யாது, அதனை யார் எக்கோல் கொண்டு அளக்கின்றனர், அக்கோலில் தமிழுக்கு ஒரு விரற்கடையேனும் இடமுண்டா என்னும் கேள்விகளை அவன் கேட்கமாட்டான்; கேட்கவேண்டிய புலவர்களும் பேராசிரியர்களும் கேட்டாரில்லை. அரசினது, தனியாரது என்னும் இருவகைப் பல்கலைக்கழகங்களுக்கும் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தையும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே, பெருமை எங்கிருந்து வந்தது, எவ்வாறு போயிற்று என்பது தெற்றெனப் புலப்படும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு, இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து ஆங்கிலேயர் அமைத்தது. தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதுமே தொடக்கத்தில் அதன் வேலை. ஆளும் வகுப்புக்கு வேண்டிய எழுத்தர்களையும் வழக்கறிஞர்களையும் ஈன்று தந்தமையால் அதன் பெயர் தென்னாடெங்கும் ஓங்கிற்று. தமிழின் நிலை அங்கு எத்தகையது? 1902-இல் பாடத்திட்டத்தினின்று தமிழை நீக்கிவிட முயற்சி எழுந்தபோது, பரிதிமாற்கலைஞரும் பூரணலிங்கம் பிள்ளையும் எதிர்த்து நின்று காக்க வேண்டியிருந்தது. அடுத்த பத்தாண்டிற்குள் தமிழ் கட்டாயப் பாடமன்று என்னும் நிலை வந்து, கல்லூரிகளில் தமிழ் வகுப்புகள் சுருங்கின. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழ் கற்பித்த மறைமலையடிகள் 1911-இல் வெளியேறிய பின்னணி அதுவே. மண்ணின் மொழியை வாயிற்படியில் நிறுத்திவைத்த காலத்திலேயே, அப்பல்கலைக்கழகம் 'பெருமை மிக்கது' என்று போற்றப்பட்டது என்பதை நினைவிற் கொள்க.

எனினும், அப்பல்கலைக்கழகமே பின்னர் ஒரு மாபெரும் பணியைச் செய்தது. 1913-இல் தொடங்கிய தமிழ்ப் பேரகராதி வேலை 1936 வரை நடந்து ஆறு மடலங்களாக முடிவுற்றது. 1939-இல் பின்னிணைப்பும் வந்தது. ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட சொற்கள்! தென்சொற்கள் பலவற்றுக்கு வடமொழி மூலங் காட்டிய அதன் பிழைகளைப் பாவாணர் ஒவ்வொன்றாய் எடுத்துக்காட்டித் தனிநூலே எழுதினார். அக்குற்றச்சாட்டில் அணுவளவும் குறைத்துக்கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், குறைகூறுதற்கேனும் ஓர் அகராதி கையில் இருந்தது; கால் நூற்றாண்டுக் காலம், அரசும் பல்கலைக்கழகமும் பலரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தி, சொல் தொகுக்க வைத்தமையால் இருந்தது. நாளை என்ன விலைக்கு விற்கும் என்று கேளாமல், நூறாண்டு நிற்கும் வேலைக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுதல் அரசுப் பல்கலைக்கழகத்திற்கே இயலும் என்பதற்கு அது சான்று.

இனி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம். செட்டிநாட்டு அரசர் அண்ணாமலையார் 20 இலக்கம் உருபா நன்கொடை தந்து, தில்லையில் தாம் நடத்திய கல்லூரிகளையும் ஒப்படைக்க, 1929-இல் அது தோன்றியது. ஓரிடத்திலேயே தங்கிப் பயிலும் பல்கலைக்கழகம். அரசு பொருளுதவி தந்தாலும், இணைவேந்தர் பதவியும் துணைவேந்தர் பெயர்களைப் பரிந்துரைக்கும் உரிமையும் நிறுவனர் குடும்பத்தின் கையிலேயே இருந்தன. அவ்வகையில் அதனைத் தனியார் பல்கலைக்கழகம் என்றே மக்கள் கருதினர்.

அத்தனியார் பல்கலைக்கழகத்தில் தமிழ் பெற்ற இடம், அரசுப் பல்கலைக்கழகம் நாணத்தக்கது. பல்கலைக்கழகமாகுமுன்பே, அங்கிருந்த மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு உ.வே. சாமிநாதர் 1924 முதல் 1927 வரை முதல்வராயிருந்தார். ஈழத்து விபுலானந்த அடிகள் 1931-இல் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். அவரையடுத்து 1933 முதல் 1938 வரை நாவலர் சோமசுந்தர பாரதியார் அவ்விருக்கையில் அமர்ந்தார்; இந்தித் திணிப்பு வந்தபோது எதிர்ப்பணியின் முன்வரிசையில் நின்றவரும் அவரே. பண்டிதமணி கதிரேசனார் அங்குக் கற்பித்தார். தமிழ் மேடையில் தமிழ்ப்பாட்டு ஒலிக்கவேண்டும் என்னும் தமிழிசை இயக்கம், 1941-இல் அண்ணாமலைநகரில் கூடிய மாநாட்டினால் வலுப்பெற்றது. மொழியியலுக்கென உயராய்வு நடுவம் ஒன்று தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் காலத்தில் அங்கு வேரூன்றியது. 1965 சனவரி 27-ஆம் நாள், இந்தித் திணிப்பை எதிர்த்துத் திரண்டு சென்ற மாணாக்கருள் இராசேந்திரன் காவலரின் குண்டுக்கு உயிர் கொடுத்ததும் அப்பல்கலைக்கழக வாயிலை அடுத்தே.

ஆகவே, அரசினது உயர்ந்தது, தனியாரது தாழ்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வதற்கில்லை. கொடையாளி ஒருவர்க்குத் தமிழ்ப்பற்று இருந்தபோது தனியார் பல்கலைக்கழகம் தமிழ்க் கோட்டையாயிற்று. ஆனால், பற்று என்பது சட்டத்தில் எழுதிவைக்கும் பொருளன்றே! மூன்றாம் தலைமுறையில் அது எவ்வாறு இருக்கும் என்பதற்கு யார் பிணை? தேவைக்கு மிகுதியாக ஆள்களைச் சேர்த்துக் கணக்குக் குலைந்து, 2012 இறுதியில் ஊதியம் தரவே இயலாத பணமுடைக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆளாயிற்று. ஆசிரியரும் ஊழியரும் தெருவுக்கு வந்தனர். 2013-இல் தமிழ்நாட்டரசு தனிச்சட்டம் இயற்றி, அதனைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. எண்பத்து நான்கு ஆண்டுத் தனியார் ஆட்சியின் கடனை இறுதியில் சுமந்தது பொதுமக்களின் வரிப்பணமே.

அரசின் கைக்கு வந்தவையெல்லாம் செழித்தனவா எனின், அதுவும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வைப்பகக் கணக்குகளை 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வருமானவரித் துறை முடக்கியபோது, ஓய்வூதியம் பெறும் முதிய பேராசிரியர்கள் கைபிசைந்து நின்றனர். 2023-இல் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பின், ஆளுநரும் அரசும் தேர்வுக்குழுவில் யார் இருப்பது என்று மல்லுக்கு நிற்க, 168 ஆண்டுப் பழமையுடைய அந்த இருக்கை 2025-லும் ஆளின்றிக் கிடந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியரின் இடம் நிரப்பப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பதும், மணிக்கணக்குக் கூலிக்கு வரும் ஆசிரியர் துறையை இழுத்துக்கொண்டு போவதும் அரசுப் பல்கலைக்கழகங்களில் வழக்கமாகிவிட்டன. தனியார்ப் பல்கலைக்கழகத்திற்கு முதலாளி ஒருவன் என்றால், அரசுப் பல்கலைக்கழகத்திற்கு முதலாளிகள் பலர். பொறுப்பாளி மட்டும் எவருமில்லை.

இருவகையும் சேர்ந்து செய்த தவற்றுக்குப் பாவாணர் வாழ்க்கையினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. 1956-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைச் சொற்பிறப்பியல் ஆய்வுக்கு அமர்த்தியது. ஐந்தாண்டு கழிந்து 1961-இல் அவர் அப்பணியினின்று வெளியேற நேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகமோ தன் அகராதியைத் திருத்த அவரை அழைத்ததில்லை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்கையின்றிக் காட்டுப்பாடியில் வாழ்ந்த அப்பெருமகனார்தாம், உலகின் முதற்செம்மொழி தமிழே என நிறுவும் ஆங்கில நூலை 1966-இல் வெளியிட்டார். அவர்தம் அகரமுதலிக்குத் திங்கள்தோறும் சிறுதொகை சேர்த்தவர் தென்மொழி அன்பர்கள். ஆசிரியர்கள், எழுத்தர்கள், கடைக்காரர்கள். 1974-இல்தான் தமிழ்நாட்டரசு அதற்கென ஓர் இயக்ககம் அமைத்து அவரை இயக்குநராக்கியது. அப்போது அவர்க்கு அகவை 72. 1981 சனவரியில் அவர் மறைந்தார். முதல் மடலம் 1985-இல் வந்தது. 2011-இல் 12 மடலங்களும் 31 பகுதிகளாக நிறைவுற்றன. இருபதாம் நூற்றாண்டுத் தமிழாய்வின் பெரும்பணிகளுள் ஒன்று, பல்கலைக்கழக வேலிக்கு வெளியே நடந்து முடிந்தது. இப்பணியின் பெருமையைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ள அரசுப் பல்கலைக்கழகத்திற்கும் வாய்ப்பு இருந்தது. தனியார் பல்கலைக்கழகத்திற்கும் இருந்தது. இரண்டும் இழந்தன.

இக்காலத்துப் பெருமைக்கு வருவோம். நடுவணரசின் கல்வியமைச்சகம் 2015-இல் வகுத்து, 2016 முதல் வெளியிட்டுவரும் தரவரிசைப் பட்டியலே இன்று பல்கலைக்கழகங்களின் தலையெழுத்தாகிவிட்டது. அதன் நூறு மதிப்பெண்கள் ஐந்தாகப் பகுக்கப்பட்டுள்ளன. கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30, ஆய்வுக்கு 30, மாணாக்கர் தேர்ச்சிக்கும் வேலைக்கும் 20, பல்வகை மக்களுக்கும் இடந்தருதலுக்கு 10, பிறர் கொண்டுள்ள எண்ணத்திற்கு 10. கணக்கில் பெரும்பகுதி அந்தந்த நிறுவனம் தானே எழுதித் தருவது. கடைசியில் உள்ள பத்து மதிப்பெண், ஏற்கெனவே பெயர் பெற்றவனுக்குப் பெயர் பெற்றமைக்காகவே தரப்படுவது. உள்ளவனுக்கே மேலும் கொடுக்கும் ஏற்பாடு.

ஆய்வுக்குரிய முப்பதில்தான் தமிழின் கழுத்து நெரிபடுகின்றது. எத்தனை கட்டுரைகள் வெளிவந்தன, அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்பதை, இசுகோபசு போன்ற அயல்நாட்டு வணிக நிறுவனங்களின் தொகுப்புகளைக் கொண்டே எண்ணுகின்றனர். அத்தொகுப்புகளில் பெரும்பாலும் ஆங்கில இதழ்களே உள்ளன. தமிழாய்விதழைத் தேடிக் காண்பது அரிது. ஒருவர் பத்தாண்டு உழைத்துச் சங்கநூல் ஒன்றுக்குச் சொல்லடைவு அமைத்துத் தமிழில் வெளியிட்டால், அப்பட்டியலுக்கு அது கண்ணிற்படாது. நான்கு பேர் கூடி நான்கு பக்கத்தில் எழுதிய ஆங்கிலக் கட்டுரை எண்ணப்படும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியே இன்று வெளிவருவதாயின், அந்த இருபத்து மூன்றாண்டு உழைப்பு இக்கோலின்படி ஆய்வென்று எண்ணப்படுமா? கல்லூரியில் படித்துப் பட்டம் பெறாத சாமிநாதர், ஏடு தேடி ஊர் ஊராய் நடந்த நடைக்கு எந்தப் பத்தியில் மதிப்பெண் போடுவர்?

இக்கோலுக்கு ஏற்பத் தம்மை வளைத்துக்கொள்வதில் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வல்லவை. கட்டணத்தை விருப்பம்போல் திரட்டவும், ஆசிரியனிடம் ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று கணக்கு வைத்து வாங்கவும் அவற்றுக்கு இயலும். 2024-ஆம் ஆண்டுப் பட்டியலில் வேலூர், கோவை, சென்னை ஆகிய இடங்களைச் சார்ந்த அத்தகைய நிறுவனங்கள் சில முதற்பன்னிரண்டு இடங்களுக்குள் நிற்க, சென்னைப் பல்கலைக்கழகமும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அவற்றுக்கு நெடுந்தொலைவு பின்னே நின்றன. அவற்றின் பொறியியல் ஆய்வுகளும் மருத்துவக் கருவிகளும் மதிக்கத்தக்கனவே. அதனை மறுப்பது அழுக்காறாகும். தமிழ்ப்பேராயம் என ஒன்று நிறுவிப் பரிசில் வழங்கும் தனியார் பல்கலைக்கழகமும் உண்டு. நன்று. ஆயினும், 2009-இல் நடுவணரசு அமர்த்திய தாண்டன் குழு, நிகர்நிலைத் தகுதிக்கு ஏலாதவை என்று நாடு முழுமையும் சுட்டிய 44 நிறுவனங்களுள் 16 தமிழ்நாட்டைச் சேர்ந்தவை என்பதையும் முழுப்பக்க விளம்பரம் பார்ப்போர் மறத்தலாகாது. வழக்குகள் உச்ச நயன்மன்றம் வரை சென்று இழுபட, பெற்றோர் அச்செய்தியையே மறந்தனர்.

மற்றொன்றும் எண்ணிப் பார்த்தற்குரியது. கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழிலேயே கற்பிக்கும் வகுப்புகளை 2010-இல் தொடங்கியது அண்ணா பல்கலைக்கழகம், அரசினது. குறைகள் பல; நூல்கள் போதா; பயின்றவர்க்கு வேலை தருவதில் முதலாளிகளின் முகச்சுளிப்பு வேறு. 2023-இல் சில உறுப்புக் கல்லூரிகளில் அவ்வகுப்புகளை நிறுத்த எண்ணி, எதிர்ப்பு எழுந்தவுடன் பின்வாங்கிய தடுமாற்றமும் நேர்ந்தது. ஆயினும் தொடங்கியது! தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் தோன்றி, வாழ்வியற் களஞ்சியமும் அறிவியற் களஞ்சியமும் வெளியிட்டதும் பொதுப்பணத்தாலேயே. விளம்பரத்திற்குக் கோடிகளைக் கொட்டும் தனியார் நிறுவனங்களுள் எது தமிழில் மருத்துவமோ பொறியியலோ கற்பிக்க முன்வந்துள்ளது?

தனியார்ப் பெயரின் பளபளப்பு தமிழ்ப்பற்றாளரையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க நாட்டில் ஆர்வர்டு தனியார் பல்கலைக்கழகம். உலகிலேயே பெரும் வைப்புநிதி உடையது. கலிபோர்னியாவின் பெர்க்கிலி அரசுப் பல்கலைக்கழகம். அங்குள்ள தமிழர்கள் 1990-களில் பணந்திரட்டிப் பெர்க்கிலியில் தமிழ் இருக்கை நிறுவினர். அதில் அமர்ந்த சியார்ச்சு ஆர்ட்டு, 2000-ஆம் ஆண்டு ஏப்பிரலில் தமிழ் செம்மொழியே என்று எழுதித் தந்த மடல், 2004-இல் நடுவணரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தமைக்குத் துணைநின்ற சான்றுகளுள் தலையாயது. அவர் தம் முனைவர் பட்டத்தை ஆர்வர்டில் பெற்றவர் என்பதும் உண்மையே. அவர் தமிழ்ப்பணிக்குக் களமானது பெர்க்கிலி. பின்னர், ஆர்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 இலக்கம் தாலர் வேண்டப்பட்டது. உலகத் தமிழர் உள்ளன்போடு கொடுத்தனர். பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொடுத்தனர். தமிழ்நாட்டரசு 2017-இல் 10 கோடி உருபா ஒதுக்கியது. 2018-இல் தொகை நிரம்பியது. கொடுத்த நெஞ்சங்கள் வணங்கத்தக்கன. ஆனால், அரசின் பத்துக்கோடி வேறு வகை. தன் ஆளுகையிலுள்ள பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளில் நாற்காலிகள் வெறுமையாய்க் கிடக்க, உலகின் செல்வமிக்க தனியார் பல்கலைக்கழகத்திற்கு வரிப்பணத்தை வாரித்தந்தது, பெயரை விலைக்கு வாங்கும் ஆசையன்றி வேறென்ன? செருமனியின் கொலோன் பல்கலைக்கழகம் அரசினது. அங்குத் தமிழ்த்துறை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, அதே அரசு 2021-இல் தந்தது 1 கோடியே 25 இலக்கம்.

பட்டியலைப் பழித்துக்கொண்டு அமர்ந்திருப்பதால் ஆவதொன்றுமில்லை. தமிழ்நாட்டரசு தன் பல்கலைக்கழகங்களுக்கும் தன் நிலத்தில் இயங்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் தானே ஓர் அளவுகோல் வகுத்தல் இயலும். அதற்கு எந்த நடுவணரசின் ஒப்புதலும் வேண்டுவதில்லை. தமிழில் எழுதிய ஆய்வு நூல்கள் எத்தனை, ஆக்கிய கலைச்சொற்கள் எத்தனை, பதிப்பித்த சுவடிகள் எத்தனை, தமிழில் கற்பிக்கும் துறைகள் எவை, முதன்முறையாகப் பட்டம் பெறும் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களிடம் வாங்கிய கட்டணம் எவ்வளவு என்று எண்ணி, ஆண்டுதோறும் அதே நாளிதழ்களில் முழுப்பக்கத்தில் வெளியிடட்டும். விளம்பரம் பார்த்துப் பழகிய பெற்றோர் கண்கள் அதனையும் பார்க்கும்.

அதற்குமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளில் பேராசிரியர் இடங்கள் எத்தனை ஒப்பளிக்கப்பட்டன, அவற்றுள் எத்தனை நிரப்பப்பட்டுள்ளன, எஞ்சியவை எந்த ஆண்டிலிருந்து ஒழிந்து கிடக்கின்றன என்னும் கணக்கைத் துறைவாரியாகச் சட்டமன்றத்தில் வைக்கக் கேட்டல் வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள தமிழ் மன்றங்கள் தத்தம் தொகுதி உறுப்பினர்க்கு இதனை எழுதுக. விடை எழுத்தில் வரும்வரை எழுதுக.